மின்சைக்கிளுக்கு எந்த த்ராட்டில்? வயர் அறுந்தால் என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள்

"மோட்டார் மாட்டியாச்சு, பேட்டரி கட்டியாச்சு, த்ராட்டில் மட்டும் எதை வைப்பது?" சொந்தமாக மின்சைக்கிள் செய்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. த்ராட்டில் என்பது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆக்சிலேட்டர். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள், த்ராட்டிலைக் கடைக்காரர் கையில் கொடுத்ததை வாங்கி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

36 வோல்ட் பேட்டரி, பின்சக்கரத்தில் 250 வாட் ஹப் மோட்டார், வலது கையில் முறுக்கும் ரெடிமேட் த்ராட்டில். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் சாயங்காலம் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, முன் பிரேக் கட்டையைப் பார்க்க ஹேண்டிலை இடதுபக்கம் ஒடித்தேன். யாரும் தொடாமலே பின்சக்கரம் முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்தது. ஸ்டாண்டு அதிர்ந்து சைக்கிள் நகரத் தொடங்க, பேட்டரி பிளக்கைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன். பிரித்துப் பார்த்தால், ஹேண்டில் திரும்பும் இடத்தில் நான் டேக் போட்டு இறுக்கிக் கட்டிய கேபிளுக்குள் கறுப்பு வயர் மட்டும் முறிந்திருந்தது. ஹேண்டில் நேராக இருந்தால் இரண்டு முனையும் தொட்டுக்கொள்ளும், இடதுபக்கம் திருப்பினால் விலகும்.

ரெடிமேட் த்ராட்டிலுக்குள் காந்தத்தை உணரும் ஒரு ஹால் சிப் இருக்கிறது. அதற்கு மூன்று வயர்: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். கையை விட்டிருக்கும்போது சிக்னலில் 0.8 வோல்ட் சுமார் இருக்கும், முழுக்க முறுக்கினால் 3.6-லிருந்து 4.2 வரை போகும். கிரவுண்ட் வயர் அறுந்தால் சிப்பின் சிக்னல் கீழே இறங்க வழியில்லாமல் 5 வோல்ட் பக்கம் ஏறிவிடும். மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் என்று தீர்மானிக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்கு அது "முழுசா முறுக்கிட்டார்" என்ற செய்தி. அன்றிலிருந்து எந்த த்ராட்டிலைப் பார்த்தாலும் எப்படி ஓடுகிறது என்பதை விட எப்படிக் கெடுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் அதுதான்: வயர் அறுந்தால், காந்தம் விழுந்தால், ஸ்பிரிங் முறிந்தால் மோட்டார் நிற்குமா, பறக்குமா?

அடுத்தது உங்கள் சைக்கிளில் அதற்கு இடம் இருக்கிறதா என்பது. கம்பி பிரேக் வைத்த பழைய பெரிய சைக்கிளில் ஹேண்டிலோடு ஒட்டியே பிரேக் கம்பிகள் ஓடும். அங்கே த்ராட்டிலைச் செருகுவதே ஒரு வேலை. அப்புறம் மழை, தூசி. கடைசியாக, கெட்டால் உங்கள் ஊரிலேயே சரிசெய்ய முடியுமா என்பது.

மெதுவாக ஓட்டும்போது உதறுகிறதா என்பதையும் பலர் பட்டியலில் வைக்கிறார்கள். நான் வைக்கவில்லை. விலை மலிவான கன்ட்ரோலர்களில் அந்த உதறல் பெரும்பாலும் கன்ட்ரோலரிலிருந்து வருவது. மூன்று த்ராட்டில் மாற்றியும் உதறல் போகவில்லை என்று புலம்பிய ஒருவரை எனக்குத் தெரியும். மோட்டாருக்கு மின்சாரத்தைச் சீராக ஏற்றி இறக்கும் சைன்வேவ் கன்ட்ரோலர் மாற்றியதும், பழைய த்ராட்டிலோடே வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

விலையை வைத்து முடிவெடுக்க இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ரெடிமேட் த்ராட்டிலும் மிதிப்பதை உணரும் பெடல் சென்சாரும் சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம்தான். செலவு ஒளிந்திருக்கும் இடம் வேறு, அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

| வகை | கிரவுண்ட் அறுந்தால் | 5 வோல்ட் அறுந்தால் | வேறு எப்படிக் கெடும் |
|---|---|---|---|
| ரெடிமேட் ஹால் த்ராட்டில் | முழு வேகம் போகலாம் | நிற்கும் | தண்ணீர் இறங்கி சிக்னல் அலையும் |
| பொட்டென்ஷியோமீட்டர் (ரேடியோ வால்யூம் சாமான்) | முழு வேகம் போகலாம் | நிற்கும் | தடம் தேயும், கேபிள் இறுகும் |
| நாமே செய்த ஹால் | முழு வேகம் போகலாம் | நிற்கும் | காந்தம் விழுந்தால் பாதி வேகம் |
| ஹால் + நடுவில் நானோ (நிரல் ஏற்றும் குட்டிப் பலகை) | நிரல் சரியாக இருந்தால் நிற்கும் | நிற்கும் | நிரல் உறைந்தால் ஆபத்து |
| பெடல் சென்சார் | நிற்கும் | நிற்கும் | உதவி வராது, அவ்வளவுதான் |

சிக்னல் வயர் அறுவதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. கன்ட்ரோலருக்குள்ளேயே சிக்னலைக் கீழே இழுக்கும் ரெசிஸ்டர் இருந்தால் மோட்டார் நிற்கும், இல்லாவிட்டால் சிக்னல் அந்தரத்தில் தொங்கும். சந்தேகமாக இருந்தால் கன்ட்ரோலர் பக்கத்திலேயே சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 100 கிலோஓம் ஒன்றைப் பற்றவைத்துவிடுங்கள். சில கன்ட்ரோலர்கள் சிக்னல் அளவுக்கு மேல் போனால் தானே நிறுத்திக்கொள்ளும். உங்களுடையது அந்த ரகமா என்பது சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

## ரெடிமேட் ஹால் த்ராட்டில்

பத்தில் எட்டுப் பேருக்கு இதுவே போதும். சென்னையில் ரிச்சி தெரு பக்கம் போனாலும் ஆன்லைனில் தேடினாலும் கிடைக்கும். உள்ளே உரசித் தேயும் பாகம் இல்லை. காந்தம் சிப்பைத் தொடாமலே நகர்வதால் ஆயுளும் அதிகம்.

இதிலேயே முறுக்குவதா, கட்டைவிரலால் தள்ளுவதா என்று ஒரு உட்கேள்வி உண்டு. ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய கைக்கு முறுக்குவது இயல்பாக வரும். ஆனால் சைக்கிளை நாம் ஸ்கூட்டரைப் போல நடத்துவதில்லை. ஸ்டாண்டை எடுப்போம், படியில் தூக்குவோம், கூட்டத்தில் தள்ளிக்கொண்டு நடப்போம். எல்லாவற்றுக்கும் பிடிக்கிற இடம் வலதுகைப் பிடிதான். பவர் ஆனில் இருப்பதை மறந்து பிடித்துத் தூக்கினால் வண்டி கையை விட்டு ஓடும். நிறுத்தி வைத்த சைக்கிளின் பிடியைப் பார்க்கிற குழந்தை அதை முறுக்காமல் போகவும் போகாது. கட்டைவிரல் ரகத்தில் இந்தத் தொல்லை குறைவு. பழைய கைப்பிடியைக் கழற்றி வீச வேண்டியதுமில்லை. ஒரே அளவில் அழுத்தி அரைமணி நேரம் போனால் விரல் கடுக்கும், அது மட்டும்தான் குறை. கடைக்குப் போய்வர, பிள்ளையைப் பள்ளியில் விட என்றால் கட்டைவிரல் ரகத்தைத்தான் சொல்வேன்.

ஒளிந்திருக்கும் செலவு முதலில் வயர்களின் நிறத்தில். சாதா த்ராட்டிலில் மூன்று வயர். பேட்டரி விளக்கும் சாவியும் சேர்ந்து வரும் ரகத்தில் ஐந்து, ஆறு இருக்கும். அந்த விளக்குக்கான வயரில் வருவது பேட்டரி வோல்ட்டேஜ். 36 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 42 வோல்ட். அது தவறிப்போய் 5 வோல்ட் வயரைத் தொட்டால் சிப்போடு கன்ட்ரோலரும் போய்விடும். இதில் நிறங்களுக்குப் பொதுவான ஒழுங்கு கிடையாது. சிவப்பு என்றால் 5 வோல்ட் என்று நம்பாமல், மீட்டர் வைத்து அளந்த பிறகே இணையுங்கள். சும்மா ஒரு விளக்குக்காக இந்த ரகத்தை வாங்காதீர்கள், பேட்டரி மீட்டர் தனியாகவே கிடைக்கிறது.

அடுத்தது பிரேக் லீவர். பிடித்த உடனே மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் வைத்த லீவர் இல்லாமல் கை த்ராட்டில் வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேபிள் பிரேக் சைக்கிளில் லீவரை மாற்றினால் முடிந்தது. கம்பி பிரேக்குக்கு அப்படி ஒரு லீவர் வராது. கம்பி இறங்கும் வழியில் ஒரு சின்ன லிமிட் சுவிட்சை நாமே பொருத்த வேண்டும், இல்லையென்றால் பிரேக்கையே மாற்ற வேண்டும். சில நூறு ரூபாய் வேலை ஆயிரங்களுக்குப் போவது இங்கேதான்.

எனக்கு வந்த கோளாறுக்கு மருந்து எளிது. ஹேண்டில் திரும்பும் இடத்தில் கேபிளை இறுக்காமல் ஒரு வளையம் தொங்கவிட்டுக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, கேபிள் விறைக்கவில்லை என்று தெரிந்த பிறகு டேக் போடுங்கள். த்ராட்டிலிலிருந்து வரும் கனெக்டரை ஹேண்டிலிலேயே நிறுத்தி, அங்கிருந்து கன்ட்ரோலர் வரை உங்கள் சொந்த வயரை இழுத்தால் கிரவுண்டுக்கு மட்டும் இரண்டு வயர் போடலாம். ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்.

## பொட்டென்ஷியோமீட்டரும் மொபெட் கேபிளும்

இது பழைய கை. ரேடியோ வால்யூமில் இருக்கும் அதே சாமான், 5 கிலோஓம். "ஹால் வந்த பிறகு யாருங்க இதை வைப்பாங்க?" என்று கேட்கலாம். எனக்கு இதில் ஒரு விஷயம் பிடித்திருக்கிறது. மொபெட்டின் ஆக்சிலேட்டர் பிடியும் கேபிளும் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். அதை ஹேண்டிலில் மாட்டி, கேபிளைச் சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் கொண்டுபோய் அங்கே பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்ப வைக்கலாம். மின் வயர் ஹேண்டில் பக்கமே வராது. மடங்கி மடங்கி முறியும் பிரச்சினை அடியோடு போய்விடும். கம்பி பிரேக் சைக்கிளிலும் பிடி மட்டும்தான் இடம் கேட்கும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பொட்டென்ஷியோமீட்டரை அப்படியே இணைத்தால் 0 முதல் 5 வோல்ட் வரை வரும். பல கன்ட்ரோலர்கள் 1.1 வோல்ட் சுமாருக்குத்தான் விழிக்கும், உச்சியில் 5 வோல்ட்டைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளவும் கூடும். அதனால் 5 வோல்ட் பக்கம் 1.5 கிலோஓம், கிரவுண்ட் பக்கம் 1 கிலோஓம் தொடராகப் போடுங்கள். மொத்தம் 7.5 கிலோஓம், வெளியே வருவது 0.67 முதல் 4 வோல்ட் வரை. ஹால் த்ராட்டில் தருவதற்குக் கிட்டத்தட்ட அதே வீச்சு.

கஷ்டம் திருப்புவதில். பொட்டென்ஷியோமீட்டர் முக்கால் சுற்றுக்கு மேல் திரும்பும். கேபிளில் ஒரு லீவரைக் கட்டி இழுத்தால் கால் சுற்றுதான் கிடைக்கும், வோல்ட்டேஜும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நகராது. ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளையைத் தண்டில் பொருத்தி, கேபிள் முனையில் தடித்த நைலான் நூலைக் கட்டி அதில் சுற்றினால், சுமார் 2.4 சென்டிமீட்டர் இழுப்புக்கு முக்கால் சுற்று வந்துவிடும். நூல் அறுந்தால் ஸ்பிரிங் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவிடும், அந்தப் பக்கம் கவலையில்லை.

ஆனால் ஸ்பிரிங்கை நாம்தான் வைக்க வேண்டும். இரண்டு வையுங்கள், ஒன்று முறிந்தால் இன்னொன்று இழுக்க வேண்டும். கேபிள் துருவேறி இறுகினால் முறுக்கிய இடத்திலேயே நின்றுவிடும், எண்ணெய் விடுவது மாதாந்திர வேலை. கார்பன் தடத்தில் தூசி படிந்தால் வோல்ட்டேஜ் துள்ளும், வண்டியும் துள்ளும். மூடிய ரகம் வாங்கினால் நாள் தாங்கும். கையில் வேலைத்திறனும் ஓய்வுநேரமும் உள்ளவருக்கு, அதிலும் கம்பி பிரேக் சைக்கிளை அதன் அழகு கெடாமல் மாற்ற நினைப்பவருக்கு, இது ஏற்ற வழி.

## சிப்பும் காந்தமும் வாங்கி நாமே செய்தல்

வேண்டாம். எஸ்எஸ்49இ போன்ற ஹால் சிப் காந்தம் அருகில் இல்லாதபோது தருவது பூஜ்ஜியம் இல்லை, 2.5 வோல்ட். பசை விட்டுக் காந்தம் உதிர்ந்தால் சைக்கிள் பாதி வேகத்தில் தானே போகும். மேசையில் வைத்துக் கற்றுக்கொள்ள நல்ல விளையாட்டு. அது ஹேண்டிலுக்கு ஏற வேண்டாம்.

## நடுவில் ஒரு நானோ

ரெடிமேட் த்ராட்டிலின் சிக்னலை நேராகக் கன்ட்ரோலருக்குக் கொடுக்காமல், நடுவில் ஒரு ஆர்டுயினோ நானோவைக் காவலாளியாக உட்கார வைப்பது. வேகத்தை மெல்ல ஏற்றலாம், உச்சத்தைக் கட்டுப்படுத்தலாம் என்றுதான் பலர் இதற்கு வருகிறார்கள். எனக்கு முக்கியம் வேறு. சிக்னல் 0.6 வோல்ட்டுக்குக் கீழே போனாலோ, த்ராட்டிலின் இயல்பான உச்சத்தைத் தாண்டினாலோ மோட்டாரை நிறுத்து என்று இரண்டு வரி எழுதிவிட்டால், கிரவுண்ட் அறுந்து பறக்கும் கதை அங்கேயே முடிகிறது. மேல் எல்லையைக் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். கிரவுண்டைக் கழற்றினால் எத்தனை வோல்ட் வருகிறது, முழுக்க முறுக்கினால் எத்தனை என்று இரண்டையும் அளந்து நடுவில் வையுங்கள். ஆன் செய்யும்போதே த்ராட்டில் முறுக்கியிருந்தால் கையை விடும்வரை கிளம்பக்கூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

குழிகள் மூன்று. முதலாவது மின்சாரம். பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுக்க எல்லோரும் வாங்குவது எல்எம்2596 மாட்யூல். சாதாரண ரகத்தின் உச்ச உள்ளீடு 40 வோல்ட். நம் பேட்டரி முழு சார்ஜில் 42. பாதி சார்ஜில் சோதித்து "நல்லா ஓடுது" என்று மூடிவைத்தவருக்கு, ராத்திரி முழுக்க சார்ஜ் போட்ட மறுநாள் காலையில் புகை வரலாம். 60 வோல்ட் தாங்கும் எச்வி ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, கன்ட்ரோலருக்கு வோல்ட்டேஜ் அனுப்பும் விதம். எம்சிபி4725 என்ற டிஏசி சிப் (எண்ணை வோல்ட்டேஜாக மாற்றுவது) சுத்தமான வோல்ட்டேஜ் தரும், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் கடையிலிருந்து வரும்போது அதன் நினைவில் இருப்பது நடு அளவு. மின்சாரம் வந்ததும், நானோ வாயைத் திறக்கும் முன்பே, 2.5 வோல்ட்டை நீட்டிவிடும். சைக்கிள் ஒரு குதி குதிக்கும். அந்த நினைவில் பூஜ்ஜியத்தை எழுதி அதைச் சரிசெய்துவிடலாம். ஆனால் ஓடும்போது நானோ நின்றுபோனால் கடைசியாகச் சொன்ன வோல்ட்டேஜையே அது பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் நானோவின் பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் துடிப்பு) பின்னிலிருந்து 10 கிலோஓம், 10 மைக்ரோஃபேரட் வடிகட்டி, அதன்மேல் கிரவுண்டுக்கு ஒரு 47 கிலோஓம். நானோ ரீசெட் ஆனால் கெப்பாசிட்டர் உடனே வடியத் தொடங்கி, அரை நொடி வாக்கில் மோட்டார் அடங்கிவிடும்.

மூன்றாவது, நிரல் உறைந்தாலும் பிடபிள்யூஎம் நிற்காது. அது சிப்புக்குள் தனி டைமரில் ஓடுவது. வாட்ச்டாக் (நிரல் உறைந்தால் தானே ரீசெட் செய்யும் காவல்) போடாத நானோவை வண்டியில் வைப்பது, இல்லாத ஆபத்தைக் காசு கொடுத்து வாங்குவது. நிரல் எழுதத் தெரிந்து, எழுதியதைச் சந்தேகப்படவும் தெரிந்தவருக்கு மட்டும் இந்த வழி.

## த்ராட்டிலே வேண்டாம்: பெடல் சென்சார்

பெடல்களைத் தாங்கிச் சுற்றும் கிராங்க் பக்கத்தில் 8 அல்லது 12 காந்தம் பதித்த ஒரு வட்டு, எதிரில் ஒரு சென்சார். மிதித்தால் துடிப்பு வரும், மோட்டார் உதவும். எந்த வயர் அறுந்தாலும் துடிப்பு நிற்கும், மோட்டாரும் நிற்கும். என் முதல் அளவுகோலில் இதை அடிக்க ஆளில்லை.

ஒளிந்திருக்கும் செலவு காட்டர் பின், அதாவது கிராங்கை அச்சோடு இறுக்கும் ஆப்பு. பழைய சைக்கிளின் கிராங்கைக் கழற்றாமல் வட்டு ஏறாது. அப்பாவின் சைக்கிளுக்குப் போட எங்கள் தெரு முனைக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் சுத்தியலை எடுக்கவே இல்லை. "தம்பி, இது முப்பது வருஷமா இறுகிக் கிடக்கு. அடிச்சா பின்னு வளையும், கிராங்க் வாய் விரியும், பரவாயில்லையா?" "பரவாயில்லை அண்ணே, புதுசு போட்டுக்கலாம்" என்றேன். இரண்டு பின், ஒரு கிராங்க், அரைநாள். மூடிய செயின் கவர் இருந்ததால் வலதுபக்கம் இடமில்லை, இடதுபக்கம்தான் போட முடிந்தது. வட்டைத் திருப்பிப் போட்டுவிட்டேன். முன்னால் மிதித்தால் சும்மா இருந்தது, பின்னால் மிதித்தால் மோட்டார் கிளம்பியது. கழற்றி மறுபடி மாட்ட வேண்டியதாயிற்று.

ஓட்டுவதிலும் குறை உண்டு. சாதாரண சென்சார் நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று பார்ப்பதில்லை, சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும். சாலைச் சிக்னலில் நின்று கிளம்பும்போது முதல் மிதி உங்களுடையது, உதவி பிறகுதான் வரும். நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளும், அதனால் பிரேக் சுவிட்ச் இதற்கும் வேண்டும். மேம்பால ஏற்றத்தில் சுமையோடு நின்று கிளம்புபவருக்கும் மூட்டுவலிக்காரருக்கும் இது ஒத்துவராது. சமதரையில் தினமும் ஒரே சீராக மிதிப்பவருக்குப் பேட்டரியும் மிச்சமாகும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் கீழே என்பதுதான் மோட்டார் வாகனக் கணக்கில் சேராமல் இருப்பதற்கான முக்கிய எல்லைகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் உறவினருக்குச் செய்து தருகிறீர்கள் என்றால் பெடல் சென்சார்தான் வழி. அங்கே மிதிக்காமல் மோட்டாரால் மட்டும் ஓடும் வண்டி சைக்கிள் கணக்கில் வராது, தள்ளி நடக்க உதவும் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகம் மட்டும் விலக்கு.

## மாட்டிய பிறகு

என் சைக்கிளில் இப்போது கட்டைவிரல் ஹால் த்ராட்டில், நடுவில் நானோ. அப்பாவுடையதில் பெடல் சென்சார் மட்டும். முதல்முறை செய்கிறீர்கள் என்றால் நானோவை விட்டுவிட்டு, கட்டைவிரல் த்ராட்டில், இரட்டைக் கிரவுண்ட், பிரேக் சுவிட்ச் மூன்றையும் போடுங்கள். கன்ட்ரோலரின் சாவி வயரில் (அதை ஆன் செய்யும் வயர்) கைக்கு எட்டும்படி ஒரு சிவப்பு சுவிட்சும் வையுங்கள். அந்த வயரில் மின்னோட்டம் குறைவு, ஆனால் வோல்ட்டேஜ் பேட்டரியுடையது.

சாலைக்கு எடுக்கும் முன் பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்துங்கள், ஸ்டாண்டை மட்டும் நம்பாமல் சட்டத்தைக் கயிற்றால் தூணில் கட்டுங்கள். த்ராட்டிலைக் கொஞ்சம் கொடுத்து சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது சிக்னல் வயரைக் கழற்றுங்கள், நிற்கிறதா பாருங்கள். மாட்டிவிட்டு 5 வோல்ட்டைக் கழற்றுங்கள். பிரேக்கைப் பிடியுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் ஒடித்து ஆட்டுங்கள். கறுப்பு வயரைக் கடைசியில் கழற்றுங்கள், இரட்டையாகப் போட்டிருந்தால் இரண்டையும். அப்போது மற்றொரு கை சிவப்பு சுவிட்சின் மேல் இருக்கட்டும்.